ஷாஜன் வைத்த மூணு மைக்

"அங்கிள், மூச்சு விடாதீங்க! மைக்குக்கு ஆகாது!"

ஷாஜன் சொன்னதும் ரசலையன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வேறு வழி? புதுக்கடையில் ஸ்டுடியோ நடத்தும் ஷாஜன், சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவன். "டபுள் பேஸை நேரா பதிவு பண்ண இந்த மாவட்டத்துல என்னைய விட்டா ஆளில்ல" என்று அவனே சொல்லியிருக்கிறான். அதற்குமேல் யாரிடம் போய் விசாரிப்பது?

டபுள் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின். ரப்பர் ஷீட் கடைக்காரரான ரசலையன், சபைப் பாடகர் குழுவில் வருஷக்கணக்காக அதை விரலால் சுண்டி வாசிக்கிறார். ஆர்கனும் அத்தனை பேர் தொண்டையும் சேர்ந்து அமுக்கிவிடுவதால் ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. வீட்டில் மனைவி விக்டோரியா அதற்கு வைத்திருக்கும் பெயர் அலமாரி. இந்தக் கிறிஸ்மஸ் பாட்டிலாவது அலமாரி வாய் திறக்க வேண்டும் என்று மனுஷன் தவியாய்த் தவித்தார்.

குழுத் தலைவி ஜெப்சியோ கறாராகச் சொல்லிவிட்டாள். "மாமா, இன்னைக்கு நல்லா வந்தா ஒங்க பேஸு. இல்லேன்னா முன்னயே கீபோர்டுல எடுத்து வச்சிருக்க பேஸையே வச்சு முடிச்சிருவேன். பொறவு எனக்கிட்ட வருத்தப்படக் கூடாது."

ஷாஜனின் ஆராதனை தொடங்கியது. கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு நேராக ஒரு மைக். வயிற்றிலுள்ள ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று. விரல் படும் இடத்துக்கு மேலே மூன்றாவது. முழங்காலில் நின்றான். ஒற்றைக் கண்ணை மூடினான். மைக்கை ஒரு நூல் தள்ளினான். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

"ஓட்டைக்குக் கிட்ட வச்சா கும்முகும்முன்னு அடிக்கும். கட்டைக்குக் கிட்ட வச்சா வெறும் விரல் சத்தம். ரெண்டையும் கலந்தாத்தான் மரத்தோட உயிர் வரும், அங்கிள்."

"வரட்டும் மக்கா. எனக்க உயிரு போவதுக்குள்ள வந்தாப் போதும்."

ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. அந்தச் சத்தமும் பதிவாகிவிடுமாம். முதல் தடவை வாசித்தபோது, பாட்டின் நடுவில் வேர்வை கண்ணில் இறங்க, ரசலையன் கம்பியை விட்டுவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சூப்பர் அங்கிள்! ஒரு இடம் விடல்ல!" என்று ஓடிவந்தான் ஷாஜன். "இந்த மைக்கை மட்டும் லேசா சரிச்சா, சொர்க்கம்!"

ரசலையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரிச்சுக்கோ. இன்னொருக்கா எடுப்போம்."

இந்த முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷாஜனும் ஜெப்சியும் பார்த்துக்கொண்டிருக்க, ரசலையன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, கையை மேலும் கீழும் ஓடவிட்டு, ஒரே உருக்கம்.

பிறகு மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். பேஸ் கணீரென்று பாட்டு முழுக்க நடந்து போனது. ஜெப்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, இவ்வளவு நல்லா வாசிப்பியளா! கீபோர்டு வேண்டவே வேண்டாம். இதுதான் பாட்டுல வருது."

"எல்லாம் மைக் வைக்கிற இடம்," என்று ஷாஜன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ரசலையனுக்கு ஆசை தொண்டைவரை வந்தது. சும்மா இருந்தால் போதும், கிறிஸ்மஸுக்கு ஊரே அவரைக் கொண்டாடும்.

"கொள்ளாம் மக்கா, நல்ல மைக்காக்கும்," என்றார். "இந்தத் தடவ நான் ஒரு கம்பியையும் தொடல்ல, கை சும்மா காத்துல தான் போச்சு. அதைக்கூட பிடிச்சிருக்கே!"