ஆவுடைநாயகத்தின் வலது கண்

துடைக்கத் துடைக்கச் சீழ் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஞானதுரை பஞ்சை எறிந்துவிட்டு வேறு பஞ்சு எடுத்தார்.

என் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் கட்டிலில் கிடந்து கத்தினார். எனக்கு இரக்கமே வரவில்லை. அந்த வலது கண் பிழைத்தால் போதும் என்று இருந்தது.

மதுரையில் அதற்குக் கருவிழி மாற்றி வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செத்தவர் கொடுத்த கருவிழி. தலையில் தண்ணீர் படவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள்.

இவரா கேட்பார்? சாரல் விழுந்துவிட்டது என்றதும் கால் வீட்டில் தங்கவில்லை.

ஊரில் உள்ளவன் சாமி கும்பிட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் போவான். இவர் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு போவார். சளி பிடிக்காதாம். வருஷா வருஷம் இந்தக் கூத்துதான். தும்மினால் ஊசி, தொண்டை கரகரத்தால் ஊசி. அதையாவது முழுசாகப் போடுவாரா? கொஞ்சம் தேவலை என்றால் மறுநாள் அந்தப் பக்கமே போகமாட்டார். குத்திவிடும் கம்பவுண்டர் செல்லப்பாவுக்கோ தான் பெரிய தன்வந்திரி என்று நினைப்பு.

இந்தத் தடவையும் குத்திக்கொண்டார். “பயப்படாதட்டி, ஊசி போட்டாச்சில்லா” என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு ஜட்கா ஏறினார். தலை வழிய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு பெரிய அருவியில் போய் நின்றார், மகாராசன். திரும்பி வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுக் குறட்டையும் விட்டார்.

விடிந்தபோது கண் வீங்கியிருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இருக்கிற மருந்தெல்லாம் போட்டுப் பாத்தாச்சும்மா. எதுக்கும் அடங்காத கிருமி. அரைகுறையா ஊசி போட்டுப் போட்டு அவரே வளத்து வச்சிருக்கார். இனிமே கண்ணை எடுத்தாத்தான் உயிர் தப்பும்.”

ஐயோ என் கண்ணு போச்சே, என் கண்ணு போச்சே என்று ஆவுடைநாயகம் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்ம கண்ணா அது? வெட்கமில்லாத மனுஷன்.

கத்தி எடுக்கப் போன டாக்டரை நிறுத்தினேன்.

“எடுத்ததைக் கீழ போட்டுராதீங்க, எங்கிட்ட குடுங்க. எம்மவ குழல்வாய்மொழியோட கண்ணு அது. அவளை அது இல்லாமத்தான் எரிச்சோம்.”