ஏரி தெரியும் ஜன்னல்

வெளியே இன்னும் பனிமூட்டம். நன்றி சொல்ல வந்த புகைப்படக்காரர் கேமராவை நீட்டினார். படத்தைப் பார்த்த வீட்டுக்காரரின் முகம் மாறியது.

"ஏரி முழுசா தெரியுதே. எங்க நின்னு எடுத்தீங்க?"

"உங்க மாடி ஜன்னல்லதான் சார். நேத்து நீங்க வெளியே போயிருந்தீங்க. உங்க அக்காதான் மேல கூட்டிட்டுப் போனாங்க. ஜன்னலைத் திறந்ததும் பனி சட்டுனு விலகிடுச்சு."

"அக்காவா?"

"ஆமா, இது தம்பி வீடுன்னு சொன்னாங்களே."

வீட்டுக்காரர் அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். பனி கலையத் தொடங்கியிருந்தது. புகைப்படக்காரர் அண்ணாந்து பார்த்தார். தரைத்தளத்துக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது.

"போன புயல்ல மாடி மொத்தமா சரிஞ்சிடுச்சு. அக்கா அப்ப மேலதான் படுத்திருந்தா."

புகைப்படக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், இன்னிக்கு உங்களையும் மேல கூட்டிட்டு வரச் சொன்னாங்க."