ஒவ்வொரு அறையாக

கோட்டில் ஐந்து சிறு மேடுகள் இருந்தன.

அவள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள். இருபத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கண். ஒரு புள்ளி தவறியிருந்தாலும் அங்கே போய் நின்றுவிடும்.

திரையின் மூலையில் பெயர் இல்லை. பதினேழு என்ற எண் மட்டும்.

பதினேழு என்பது அவள் கணவர் இருசப்பன். இறந்து ஏழு மாதம் ஆகிறது.

ஆய்வு முடிந்துவிட்டது, குடும்பத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வரச்சொல்லியிருந்தார்கள். ஒரு சான்றிதழ். ஒரு காபி. விருப்பம் இருந்தால் படங்களையும் பார்க்கலாம் என்றாள் மிருதுளா, ஆய்வு செய்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது.

விருப்பம் இருந்தது.

சுவரில் பெரிதாக ஒரு மூளையின் வரைபடம் மாட்டியிருந்தது. எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது என்று வண்ண நூல்களாக வரைந்திருந்தார்கள். அது நல்ல உடம்போடு இருக்கிற யாரோ ஒருவருடையது. பதினேழின் படத்தில் நூல்கள் குறைவு.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம், ஸ்கேன் எந்திரத்தின் வாய்க்குள் அவர். லாரி இடித்த பிறகு ஐந்து மாதமும் கண் திறந்தே இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அவர் காதில் ஒரு பெண் குரலை ஓட விட்டார்கள்.

உங்கள் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் தொடங்கி, ஒவ்வொரு அறையாக நடந்து போங்கள்.

முப்பது நொடி. பிறகு ஓய்வு. மறுபடி அதே குரல். மொத்தம் ஐந்து முறை.

கேட்டுப் புரிந்து நடப்பதாக நினைத்தால், வழிகளை ஞாபகம் வைத்திருக்கிற இடம் மூளையில் விழித்துக்கொள்ளும். கோடு ஏறும். முப்பது நொடியும் இறங்காமல் நிற்கும்.

முடிவு ஒரே வரியில் வந்தது. கட்டளைக்கு எதிர்வினை இல்லை.

அந்த வரியைப் படித்த பிறகுதான் பெரிய டாக்டர் அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். அந்த வரியைப் படித்த பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

குழாய்களைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் இருந்தார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கிளாரா வந்து பார்த்துவிட்டு, ஆள் எப்பவோ போயாச்சுக்கா, இது வெறும் கூடு என்றாள்.

ஆமாம் என்றாள் இவள். அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இப்போது முதல் மேட்டின் மேல் விரலை வைத்தாள். இது என்ன என்று கேட்டாள்.

"அது இரைச்சல்மா. மெஷினோடதா இருக்கலாம், மூச்சா இருக்கலாம். டக்குனு எழும்பி டக்குனு விழுந்துருச்சு பாருங்க. நெஜமா நடந்திருந்தா அவ்ளோ சீக்கிரம் முடியாது. ஹால், பெட்ரூம், கிச்சன், மாடின்னு சுத்தி வரணும்ல?"

விரல் இரண்டாவது மேட்டுக்குப் போனது. மூன்றாவதற்கு. ஐந்தும், குரல் வந்ததாகக் குறித்திருந்த இடத்துக்குப் பின்னாலேயே எழுந்திருந்தன. ஐந்தும் ஒரே அகலம்.

ஒரே பிழை ஐந்து இடத்தில் ஒரே மாதிரி வந்தால் அதில் கைவைக்கக் கூடாது. அது பிழை இல்லை. எழுதியவர் அப்படித்தான் சொல்ல நினைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் கற்றுக்கொண்டது.

"ஒவ்வொரு அறையாகன்னு எழுதினது யாரும்மா?"

"நான்தாம்மா. இங்கிலீஷ்ல இருந்தத நான்தான் தமிழ்ல மாத்தினேன்." அந்தப் பெண் லேசாகக் கூச்சப்பட்டாள். "ஏன்மா, ஏதாவது தப்பு இருக்கா?"

சான்றிதழின் ஓரத்தை அவள் விரலால் நீவினாள். இன்னொரு முறை நீவினாள்.

"தமிழ்ல தப்பு இல்லம்மா."

காபி ஆறியிருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், உட்கார இடம் தேடி அவர்கள் தயங்கும்போது அவர் சொல்வது ஞாபகம் வந்தது.

நம்ம வூட்ல யாரும் தொலைஞ்சு போவ முடியாது. அது ஒரு வசதி.

ராயபுரத்தில் இறங்கிச் சந்துக்குள் நடந்தாள். பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஒற்றை அறையின் வாசலில் நின்றாள்.

முப்பது என்று மனதில் வைத்துக்கொண்டாள்.

ஒன்று. கட்டில்.

இரண்டு. பீரோ.

மூன்று. அடுப்பு மேடை.

நான்கு. தண்ணீர்க் குடம்.

ஐந்து. சுவர்.

மிச்சமிருந்த இருபத்தைந்து நொடியும் சுவரைப் பார்த்து நின்றாள்.

பிறகு வாசலுக்குத் திரும்பி வந்தாள். இன்னும் நான்கு முறை இருந்தது.