பைக்குள் மீன்

"இண்டைக்கும் மீனோ?" வீட்டு வாசலிலேயே பையைப் பறித்த சுகந்தி, கணவன் இராகுலனை முறைத்தாள். "சீனி வருத்தம் வரப்போகுது, உடற்பயிற்சி செய்யுங்கோ எண்டு டொக்டர் சொன்னால், நீங்கள் உப்புவெளிக் கடற்கரையில மீன் வாங்கிக்கொண்டு நிக்கிறியள்!"

"உம்மையும்தானே செய்யச் சொன்னவர்?"

"எனக்கு ஏலாது, முழங்கால் நோகும். கதையை மாத்தாதையுங்கோ!"

"நேற்று இரத்தம் சோதிச்சனான். சீனி இறங்கிட்டுது. வயிறும் வத்திட்டுது, பாரும்."

"மீன் வாங்கினால் வயிறு வத்துமோ?"

இராகுலன் கைகளை விரித்தான். உள்ளங்கை முழுக்கக் கயிறு உராய்ந்த தழும்புகள்.

"ஆர் வாங்கினது? ஒவ்வொரு நாளும் விடியக்காலமை போய், கரையில நிண்டு கயிறு பிடிச்சுக் கரைவலை இழுக்கிறன். இழுக்கிற ஆக்களுக்கு மீனில பங்கு குடுப்பினம்."

சுகந்தி பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு இது காணாது. நாளைக்கு என்னையும் எழுப்புங்கோ."