முள்ளம்பன்றித் தலைவருக்குப் போன நோட்டீஸ்

காட்டுப் பஞ்சாயத்தின் தலைவர் முள்ளம்பன்றி. ஓட்டு வாங்கி ஜெயித்தவர்தான். ஆனால் கோடையில் குட்டை வற்றி, குட்டிகளெல்லாம் தாகத்தில் சுருண்டு கிடந்தபோதும், ஊற்றுத் தோண்ட ஒரு கூட்டம் போட அவருக்கு மனசு வரவில்லை. ஆளை மாற்றிவிடலாம் என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். சட்டமும் இடம் கொடுத்தது. ஆனால் நோட்டீஸை முதலில் தலைவரிடம் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.

பெரிய தேக்கிலை ஒன்றில் நோட்டீஸை எழுதிக் கீரியிடம் கொடுத்தனுப்பினார்கள்.

கீரிக்குப் பாம்பென்றால் பயமில்லை. முள்ளென்றால்தான் பயம். தயங்கித் தயங்கி வளைக்கு முன்னால் போய் நின்றது.

“தலைவரே, இதை வாங்கிக்குங்க. வாங்கலேன்னா உங்க வீட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போகலாம்னு சட்டம் இருக்கு.”

“வளைக்கு ஏதுடா கதவு?” என்று சிரித்த தலைவர், முதுகைத் திருப்பி, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தார். கீரி இலையை முகத்துக்கு நேராகப் பிடித்துத் தடுத்துப் பார்த்துவிட்டு, விழுந்தடித்து ஓடிவந்தது. வந்து பார்த்தால் கையில் இலையைக் காணோம்.

மறுநாள் கூட்டத்துக்குத் தலைவர் மிடுக்காக வந்தார்.

“எந்த நோட்டீஸும் என்கிட்ட வரல. கூட்டம் செல்லாது, எல்லாரும் கலைஞ்சு போங்க!”

எல்லோரும் கீரியை முறைத்தார்கள். கீரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. தலைவர் திரும்பி நடந்தார்.

அப்போதுதான் கீரி நிமிர்ந்து பார்த்தது. சட்டென்று எழுந்து கத்தியது:

“தலைவரே, திரும்பாம அப்படியே நில்லுங்க! கடைசி வரிசையில இருக்கறவங்களும் உங்க முதுகைப் படிச்சுக்கட்டும்.”