சோப்புப் பாட்டு ஒரு பாடமா?

அந்த இசைக் கல்லூரியின் துறைத் தலைவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘சுத்தம்’. சுத்தமான இசை, சுத்தமான ரசனை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வார். மற்றதெல்லாம் அவருக்குக் குப்பை. சினிமாப் பாட்டு குப்பை. அதைக் கேட்கிறவன் குப்பைத் தொட்டி.

அப்படிப்பட்டவர் காதில்தான் அந்தச் சேதி விழுந்தது. இசை வரலாறு நடத்த வந்த புது மேடம், வகுப்பில் விளம்பரப் பாட்டைப் பாடமாக எடுக்கிறாராம்.

நேராகப் பிரின்சிபாலிடம் போனார். தாலாட்டு, ஓடப்பாட்டு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வகுப்பு இப்போது சந்தைக்கடை ஆகிவிட்டது என்றார். மேடத்தின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் என்ற பேச்சே வேண்டாம், இப்படியே அனுப்பிவிடுங்கள் என்றார்.

“நேர்லயே பார்த்துடலாம், வாங்க” என்றார் பிரின்சிபால்.

இருவரும் உள்ளே வந்ததைப் பார்த்து மேடத்தின் முகம் வெளுத்தது. ஆனாலும் வகுப்பை நிறுத்தவில்லை.

“நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி வந்த சோப்பு விளம்பரம் இது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா உங்க அம்மா அப்பாவைக் கேளுங்க, இன்னும் மறந்திருக்க மாட்டாங்க. ஏன்? மெட்டுப் போடணும்னா இந்தச் சிக்கனத்தை முதல்ல கத்துக்கணும்.”

துறைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். துணி துவைக்கிற பாட்டுக்கு இலக்கணம் வேறா என்றார். அதற்கு மெட்டுப் போட்டவன் சுரம் தெரியாத கூலிக்காரனாக இருப்பான், வயிற்றுக்காகக் கலையை விற்ற பயல் என்றார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“யார் போட்டாங்கன்னு தெரியல, சார்” என்றார் மேடம். “தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடுவேன்.”

பிரின்சிபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி அதில் என்னதான் இருக்கிறது, யாராவது பாடுங்கள் கேட்போம் என்றார்.

முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து பாடினாள். நன்றாகவே பாடினாள். கடைசிச் சொல்லை மட்டும் மேலே ஏற்றி நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

துறைத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“தப்பு. அங்க ஏன் மேல போற? தொண்டையில முள் சிக்கின மாதிரி இருக்கு.”

“எங்கம்மா இப்படித்தான் பாடுவாங்க, சார்” என்றாள் மாணவி.

“உங்கம்மா எப்படி வேணா பாடட்டும். நான் அதைக் கீழ இறக்கித்தான் முடிச்சேன்.”