மேஜைமேல் வைத்தது

மண்டபத்தில் நடந்த அந்தச் சந்தையில் காசு செல்லாது. மேஜைமேல் யார் எதை வைத்தாலும் வேண்டியவர் எடுத்துப் போகலாம். கொடுக்கப் பொருளில்லாதவர்கள் தெரிந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கலாம். விசிலடிக்கக் கற்றுத் தருவதாக அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். மதியம்வரை ஒருவரும் வரவில்லை. பொம்பளை விசிலடிப்பதா என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்த மாமியார் மரகதம்தான் கடைசியில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சிரிக்காமச் சொல்லிக் குடு.”

மரகதம் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது.

“பல்செட்டு தடுக்குது அத்தை. கழட்டிடுங்க.”

மரகதம் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். செண்பகவல்லி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் காற்று. கண்ணைத் திறந்தபோது பல்செட்டைக் காணோம். வாயில் ஒரு பல்கூட இல்லாத பக்கத்துத் தெரு நல்லபெருமாள் வாசலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். மரகதம் கத்திப் பார்த்தாள். பொக்கை வாயில் வார்த்தை குழறியது. ஆத்திரத்தில் இரண்டு விரலையும் உள்ளே திணித்து ஊதினாள்.

விசில் மண்டபத்தையே அதிரவைத்தது. செண்பகவல்லி துள்ளி எழுந்து கைதட்டினாள். நல்லபெருமாள் நின்று, திரும்பி, வாய் நிறையப் பல்லாகச் சிரித்தார்.